பளபள நட்டு

சொந்த வண்டியின் சக்கரம் சொந்த வண்டியையே முந்திக்கொண்டு போவதைப் பார்க்கும் பாக்கியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கண்ணாடிக்காரருக்கு வாய்த்தது.

அவர் அப்போது பிக்கப்பில் மகளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலில் முழங்கையை வைத்தபடி, வண்டி ஓட்டுவது எப்படி என்று அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மகள் ஏழு வருஷமாக அதே வண்டியை ஓட்டுகிறாள். அதெல்லாம் பாடத்துக்கு ஒரு தடையாக இருந்ததில்லை. திடீரென்று அவர் முழங்கையை ஒட்டி ஒரு டயர் உருண்டு முன்னால் போனது.

"எவனோ டயரக் கழட்டி விட்டுட்டுப் போறான் பாரு" என்று சிரித்தார். சிரித்த வாயை மூடுவதற்குள் வண்டியின் பின்பக்கம் தடாலென்று ரோட்டில் உட்கார்ந்து, தீப்பொறி பறக்க இழுபட ஆரம்பித்தது.

"பிரேக்க அடி! அடி! அடின்றேன்ல!"

மகள் அடிக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்துவிட்டு, வண்டியை நேராகவே விட்டு ஓரமாக நிற்க வைத்தாள். சக்கரம் மட்டும் நிற்காமல் போய் ஒரு சலூனுக்குள் நுழைந்து, காத்திருப்போர் பெஞ்சில் சாய்ந்து நின்றது. பாதித் தலை வெட்டிய ஆள் ஒருவர் துண்டோடு தெருவுக்கு ஓடிவந்தார். யாருக்கும் கீறல்கூட இல்லை. பின்னால் சட்டத்தில் சாய்த்துக் கட்டியிருந்த ஆறு பெரிய கண்ணாடிகள் மட்டும் ஆறாயிரம் சின்னக் கண்ணாடிகளாகக் கிடந்தன.

உயிர் பிழைத்த மனிதன் முதலில் என்ன சொல்வான்? கண்ணாடிக்காரர் சொன்னது இது: "பள்ளத்தப் பாத்து ஓட்டக் கூடாதா?"

பள்ளம் இருந்தது உண்மைதான். சாப்பாட்டுத் தட்டு அகலம், இரண்டு விரல் ஆழம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது அது முழங்கால் ஆழமாகியிருந்தது. மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் போனில் விசாரித்தபோது, ஒரு ஆளை நிற்க வைத்தே புதைக்கலாம் போல ஆகிவிட்டது. ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். இவர் தெருவோடு நிற்காமல், ஓட்டிய பிள்ளையையும் சேர்த்துக் கோணல் என்றார்.

இருபத்தாறு வயதானாலும் வீட்டில் அவளுக்குப் பேர் பாப்பாதான். வழக்கமாகப் பாப்பா அப்பாவுக்கு ஒன்று சொன்னால் இரண்டு திருப்பிக் கொடுக்கிறவள். இந்த முறை ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்பா சொன்னதை அவள் நம்பிவிட்டாள். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினாள், அதற்குப் பிறகு எட்டு நாள் அந்த ஆணிப் பக்கமே போகவில்லை.

இதிலே பெரிய சங்கடம் என்னவென்றால், திங்கட்கிழமை முதல் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. புதிதாகக் கட்டுகிற பள்ளிக்கூடத்துக்கு நாற்பத்திரண்டு ஜன்னல். அப்பாவின் பேரில் இல்லாமல் அவள் பேரிலேயே பேசி வாங்கிய முதல் வேலை. ஏணி வைத்து ஏறி ஒவ்வொரு ஜன்னலையும் அவளே அளந்து, நோட்டில் எழுதி, கண்ணாடியை அறுத்தும் வைத்துவிட்டாள். ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் சித்தி போன் பண்ணினாள். சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. "பேசாம என் கடைக்கு வந்துடு பாப்பா. கவுண்ட்டர்ல உக்காந்து எடுத்துக் குடுக்கற வேலை. இந்தத் திங்கக்கிழமையே வா" என்றாள். பாப்பா சரி என்றுவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு நீங்க வேற ஆள் வச்சுக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"போனா என்ன, அதுவும் கண்ணாடிதானே" என்றார் கண்ணாடிக்காரர். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அவரும் பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், பஸ் டெப்போவில் முப்பது வருஷம் சக்கரங்களோடு குடித்தனம் நடத்தியவர். பஸ் டயர் தூக்கித் தூக்கி முதுகு வளைந்திருந்தது, நாக்கு மட்டும் வளையவே இல்லை. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய புது வீல் போல்ட்டுகள், நட்டுகள், ஒரு பித்தளை அளவுகோல், கைநீளத்துக்கு ஒரு ஸ்பானர்.

"எங்க அந்த அரைக்கிழம்?" என்றார். கண்ணாடிக்காரர் ஒரு நொடி தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். பிக்கப்பைக் கேட்டாராம்.

பிக்கப்புக்கு வயசு முப்பத்தொன்று. கண்ணாடிக்காரர் அதற்கு ஐந்தாவது முதலாளி, அவரிடம் வந்தே ஒன்பது வருஷம். முன்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டைமேல் உட்கார வைத்தார்கள். சக்கரம் ஓடிப்போன இடத்தில் பிரேக் டிரம் மட்டும் துருவோடு நின்றது. அதன் முகத்தில் ஐந்து போல்ட் நிற்க வேண்டும். மூன்றுதான் நின்றன. இரண்டு அடியோடு முறிந்திருந்தன. நின்ற மூன்றும் மரை தேய்ந்து மொட்டையாக இருந்தன.

மச்சான் அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வண்டில ஒரு போல்ட்டும் இன்னொரு போல்ட்டும் கூடப்பிறந்ததுங்க இல்ல மாப்ள. எல்லாம் பக்கத்து வீடு. ஒடைஞ்ச ரெண்டும் அரை அங்குலம். நிக்கற மூணும் பன்னெண்டு மில்லி. எவனெவனோ அவனவன் கைல கிடைச்சத அடிச்சு ஏத்தியிருக்கான். சரி, நட்டு எங்க?"

நட்டு இருந்தது. சலூன்காரர் நல்ல மனுஷன், சக்கரத்தோடு அதன் மூடியையும் பத்திரமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். கழன்ற நட்டு ஐந்தும் மூடிக்குள்ளேயே விழுந்து கிடந்தன. மச்சான் அவற்றை உள்ளங்கையில் கொட்டினார். காலை வெயிலில் ஐந்தும் பளபளவென்று மின்னின. இரண்டு நட்டுக்குள் முறிந்த போல்ட்டின் துண்டு மாட்டிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றுக்குள்ளும் இரும்பு சுருள்சுருளாக, பென்சில் சீவிய மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி" என்றார் மச்சான்.

"என்ன மச்சான்?"

"அஞ்சும் அரை அங்குல நட்டு. போல்ட்டுல மூணு பன்னெண்டு மில்லி. அரை அங்குலம்னா பன்னெண்டே முக்கா மில்லின்னு வைங்க. வித்தியாசம் முக்கா மில்லி. மரையும் கிட்டத்தட்ட ஒரே மரை. அதனால நட்டு ஏறும். சும்மா ஏறாது, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி ஏறும். இறுக்கினா இறுகற மாதிரியும் நடிக்கும். ஆனா மரையோட நுனியத்தான் புடிச்சு தொங்கிட்டிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா சீவிச் சீவி ஒரு நாள் கைய விட்ரும். மூணு கைய விட்டா மிச்சம் ரெண்டு எவ்ளோ நேரம் தாங்கும்? ஒடிஞ்சிரும். இதுக்குப் பள்ளமே வேணாம் மாப்ள, எச்சில் துப்பின ஈரமே போதும்."

வெண்ணெய் என்றதும் கண்ணாடிக்காரர் நட்டைப் பார்ப்பதை விட்டுத் தெருவைப் பார்த்தார். ஏனென்றால் அதே சொல்லை அவரே சொல்லியிருக்கிறார், ஆறு மாதத்துக்கு முன்னால், தனியாக, இதே சக்கரத்துக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து.

அன்றைக்கு உதிரிபாகக் கடையில் அந்த நட்டுகள் அட்டைப்பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்துக் கண்ணடித்தன. பிக்கப்பின் பழைய நட்டுகள் துருப்பிடித்துக் கண்ணராவியாக இருந்தன. இரண்டு பின்சக்கரத்துக்குமாகப் பத்து வாங்கினார். ஒரு பக்கம் ஐந்தும் சரியாக உட்கார்ந்தன. இந்தப் பக்கம் மூன்று மட்டும் விரலாலேயே சுற்றிச் சுற்றி உள்ளே போயின. "அடடா, வெண்ணெய் மாதிரி ஏறுதே" என்று மகிழ்ந்து போனார். புது நட்டு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். கழற்றிய பழைய நட்டுகளில் அளவு வித்தியாசம் இருந்ததா என்று பார்க்கக்கூட இல்லை.

இத்தனைக்கும் அவர் தொழிலே அளவுதான். அரை மில்லி கூடினால் கண்ணாடி சட்டத்தில் ஏறாது, அரை மில்லி குறைந்தால் காற்றில் கடகடக்கும். ஒரு ஜன்னலை மூன்று தடவை அளக்காமல் வைரக்கத்தியைத் தொடமாட்டார். அப்படிப்பட்டவர் மகள் ஓட்டுகிற வண்டியின் சக்கரத்தை ஒரு தடவைகூட அளக்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கடையில் பொறுக்கியெடுத்து வாங்கி வந்து அழகாக மாட்டியும் வைத்திருந்தார்.

"இத மாட்டினவன் கைய ஒடிக்கணும்" என்றார் மச்சான்.

"ஒடிக்கத்தான் வேணும்" என்று கண்ணாடிக்காரர் பலமாகத் தலையாட்டினார். ஆட்டியபடியே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"யார் மாட்டினது?"

"பழைய ஓனரா இருக்கும்."

மச்சான் ஒரு நட்டை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். "வண்டி உங்ககிட்ட வந்து ஒம்பது வருஷம். நட்டு நேத்து கடைலேர்ந்து வந்த மாதிரி மின்னுது."

"அவரு ரொம்பச் சுத்தக்காரரு" என்றார் கண்ணாடிக்காரர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர் சோறே இல்லாத தட்டில் மறைத்தார். மச்சான் ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சுத்தியலை எடுத்து டிரம்மைச் சுற்றிலும் நாலு தட்டுத் தட்டினார். தட்டல் ஒவ்வொன்றும் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

டிரம் கழன்றது. பழைய போல்ட்டுகளை முன்னாலிருந்து அடித்துப் பின்னால் தள்ளினார்கள். புதுப் போல்ட்டைப் பின்னாலிருந்து நுழைத்து, முன்பக்கம் நாலு வாஷரை அடுக்கி, ஒரு பழைய நட்டைப் போட்டு இறுக்க இறுக்க, போல்ட் தன் பல்லால் ஓட்டையைக் கவ்விக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தது. பிடித்துக்கொள்வது கண்ணாடிக்காரரின் வேலை. பிடித்துக்கொண்டே அவர் மனசுக்குள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இதுவும் நல்லதுக்குத்தான். பள்ளமும் தப்பிக்கிறது, பாப்பாவும் தப்பிக்கிறாள், தானும் தப்பிக்கலாம். பழி போகிற ஆள் எந்த ஊரில் இருக்கிறானோ, இருக்கிறானா இல்லையா என்றே தெரியாது. அவனுக்கு வலிக்கவா போகிறது? கணக்கு சரியாகத்தான் வந்தது. இருந்தாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது.

இரண்டாவது போல்ட் உட்காரும்போது மனைவி டீ கொண்டுவந்தாள். பின்னாலேயே பாப்பாவும் வந்தாள், கிட்டே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாப்பா, இங்க வா" என்றார் மச்சான். "பள்ளமும் இல்ல, கிள்ளமும் இல்ல. தப்பான நட்டு. அதான் சக்கரம் கழண்டுச்சு. அப்ப நீ பிரேக்க மிதிச்சிருந்தா வண்டி குட்டிக்கரணம் போட்டிருக்கும். நாங்க எல்லாரும் இன்னைக்கு வேற காரியத்துக்கு வந்திருப்போம்."

மனைவி புருஷனைப் பார்த்தாள். "பள்ளம்னீங்க?"

"பள்ளமும் இருந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

பாப்பா கிட்டே வந்து குந்தி உட்கார்ந்தாள். ஒரு நட்டை எடுத்து, உள்ளே சுருண்டிருந்த இரும்பை நகத்தால் நெருடினாள். முகம் தெளியும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெளியவில்லை, இன்னும் இருண்டது.

"அப்ப நான்தான் மாமா" என்றாள்.

"என்ன நீதான்?"

"போன மாசம் இந்த வீல் பஞ்சர் ஆச்சு. நான் மட்டும்தான் வண்டில இருந்தேன். நானே கழட்டி, நானே மாட்டினேன். மூணு நட்டு மட்டும் விரலாலயே கடைசி வரைக்கும் போச்சு. லேசா ஆடுச்சு. என் கைக்கு அது தெரிஞ்சுது மாமா. சரியில்லையேன்னு தோணுச்சு. அப்பறம் நெனச்சேன், அப்பா எல்லாத்தையும் பாத்துப் பாத்து செய்யற ஆளு, அவரு வண்டில தப்பான நட்டு எப்படி இருக்கும்னு. இறுக்கிட்டுப் போயிட்டேன்." நட்டைத் தரையில் வைத்தாள். "கைக்குத் தெரிஞ்சதையே நம்பாம விட்டவ வண்டி ஓட்டக் கூடாதுதான். அப்பா சொன்னது சரிதான்."

மச்சான் டீயை உறிஞ்சினார். கண்ணாடிக்காரரைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

கண்ணாடிக்காரரைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை, சொன்ன வார்த்தை இவ்வளவு வலித்ததும் இல்லை. இவள் பொறுப்பில்லாமல் ஓட்டிச் சக்கரத்தை விடவில்லை. அப்பனை நம்பி விட்டிருக்கிறாள். அந்தப் பழைய ஓனரை இனி எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் பிரயோசனமில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நான் மாட்டினது" என்றார்.

"என்னது?" என்றாள் மனைவி.

"நட்டு. நான் வாங்கினது, நான் மாட்டினது. ஆறு மாசம் ஆச்சு. அளந்து பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, தேவையே இல்லாமல், "பளபளன்னு இருந்துச்சு" என்றும் சொன்னார்.

மனைவி டீத் தட்டைப் பிக்கப்பின் மேலேயே வைத்தாள். "எட்டு நாளு. எட்டு நாளா அவ சோத்த அளைஞ்சிட்டு அப்படியே எந்திரிச்சுப் போறா. நீங்க ஊரெல்லாம் போன் போட்டுப் பள்ளம் தோண்டிட்டு இருந்தீங்க."

"எனக்கே இப்பத்தான் தெரியும்."

"இப்பத்தான் தெரியுமா? அப்ப எட்டு நாளா என்னன்னே தெரியாம அவ மேல பழி போட்டிருக்கீங்க. அது இத விட மோசம்."

அவள் சொன்னது உண்மை. கண்ணாடிக்காரர் இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து மச்சானிடம் நீட்டினார்.

"ஒடிக்கறத அப்பறம் வச்சுக்கலாம்" என்றார் மச்சான். "இன்னும் மூணு போல்ட் இருக்கு. புடிக்க ஆள் வேணும்."

பிடிக்கிற வேலையும் அவருக்குக் கிடைக்கவில்லை. பாப்பா அவர் இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மூன்று போல்ட்டையும் அவளே இழுத்து உட்கார வைத்தாள். டிரம்மை மாட்டி, சக்கரத்தைத் தூக்கி வைத்து, புது நட்டு ஒவ்வொன்றையும் விரலால் ஏற்றினாள். ஆடுகிறதா என்று ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தாள். ஆடவில்லை. வண்டியை இறக்கியதும் மச்சானின் நீள ஸ்பானரை வாங்கினாள். அளவான இறுக்கம் வந்ததும் டக் என்று சத்தம் கொடுக்கிற ஸ்பானர் அது.

"வரிசையாப் போடக் கூடாது, எதிரெதிரா ஒண்ணு விட்டு ஒண்ணு..." என்று ஆரம்பித்தார் கண்ணாடிக்காரர். பாப்பா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மீதியை விழுங்கிவிட்டார். அவள் எதிரெதிராகத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு அவள் விடவில்லை. அடுத்த பின்சக்கரத்தையும் கழற்றினாள். பிறகு முன்சக்கரம் இரண்டையும். இருபது போல்ட், இருபது நட்டு, ஒவ்வொன்றாக அளவுகோல் வைத்து அளந்து தரையில் சாக்பீஸால் எழுதினாள். முன்பக்கம் ஒரு போல்ட் கட்டையாக இருந்தது, அதையும் மாற்றினாள். சாப்பாடு ஆறிப்போனது. மச்சான் ஒரு கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, பல் குத்தியபடி, "எங்க டெப்போல இப்படி ஒருத்தி இருந்திருந்தா நான் முன்னாடியே ரிட்டயர் ஆயிருப்பேன்" என்றார்.

கைகழுவும்போதுதான் பாப்பா அப்பாவிடம் பேசினாள். சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு நான்தான் எடுத்துட்டுப் போறேன். சித்திகிட்ட நானே சொல்லிக்கறேன்."

கண்ணாடிக்காரருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதான் சரி! காலைல ஆறு மணிக்கே ஏத்திரலாம். நான் பக்கத்துல உக்காந்து..."

"நீங்க வர வேணாம்ப்பா."

"எறக்கறதுக்கு ஆள் வேணுமே?"

"அங்க ரெண்டு பேர் இருக்காங்க." குழாயை மூடினாள். "நீங்க பக்கத்துல இருந்தா எனக்கு உங்க பேச்சுதான் கேக்குது. என் கை சொல்றது கேக்க மாட்டேங்குது. அன்னைக்கு ஒரே ஒரு தடவதான் நீங்க சொன்னத நான் கேக்கல. அதான் ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் அளவு சொல்வதைப்போல நிதானமாகச் சொன்னாள். கையை ஒடித்திருந்தால் ஆறு வாரத்தில் கூடியிருக்கும். அவர் துண்டை எடுத்து நீட்டினார்.

"சரி" என்றார்.

திங்கட்கிழமை அவள் போனபோது வாசலில் நின்றார். சொல்வதற்கு ஏழு விஷயம் இருந்தது, ஏழையும் சொல்லவில்லை. அன்று கடையில் இரண்டு கண்ணாடியைத் தப்பாக அறுத்தார்.

மூன்றரை மணிக்கு வண்டி திரும்பி வந்தது. சட்டம் காலி. பாப்பா இறங்கியதும் நேராக வீட்டுக்குள் போகவில்லை. புதுப் போல்ட் போட்டால் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மச்சான் சொல்லி, ஸ்பானரையும் அவளிடமே விட்டுப் போயிருந்தார். அவள் அந்தப் பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து மூடியைக் கழற்றினாள். கண்ணாடிக்காரர் இரண்டடி தள்ளி நின்றார். ஒன்று, டக். எதிரில் ஒன்று, டக். மூன்று. நான்கு.

ஐந்தாவதில் ஸ்பானரை மாட்டியவள், எழுந்து, கைப்பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

"இத நீங்க பாருங்க."

அவர் பேண்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். அழுத்தினார். டக்.

பாப்பா அவர் கையிலிருந்து ஸ்பானரை வாங்கி, அதே நட்டில் மாட்டி, தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். டக். ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால், அப்பன் இறுக்கினதையே சோதிக்கிறாயா என்று அவர் தெருவையே கூட்டியிருப்பார்.

"எதுக்கும் இன்னொரு தடவ பாத்துக்கோ" என்றார்.